பழைய ஆட்டத்த எடுத்துட்டா கோவம் வராதா: கவுன்டர் ஸ்ட்ரைக் சண்டை பத்தி ஒரு பேச்சு

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கும்பகோணத்துல கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கேன், அதே கடை 2004லேர்ந்து 2011 வரைக்கும் பிரவுசிங் சென்டரா இருந்துச்சு. பசங்க ஆடுற கேம் பத்தி பேசுங்க, ஒரு கேம் மாறுனதுக்கு எதுக்கு இவ்ளோ சண்டை போடுறாங்கன்னு பெத்தவங்களுக்கும் புரியற மாதிரி சொல்லுங்கன்னு வானொலி நிலையத்துலேர்ந்து கேட்டாங்க. எனக்கு நல்லா தெரிஞ்ச ஒரே ஒரு கேம் வச்சு சொல்றேன், கவுன்டர் ஸ்ட்ரைக்ங்கற துப்பாக்கி கேம். 2023ல அதோட பழைய வெர்ஷன எடுத்துட்டு அதே இடத்துல புதுச வச்சாங்க, அதான் சண்டை. அந்த சண்டை எங்க அக்கா வீட்லயே நடக்குது.

அக்காவுக்கு ரெண்டு பசங்க. பெரியவன் திருப்பூர்ல வேலை பாக்குறான், முப்பது தாண்டிருச்சு. சின்னவன் தஞ்சாவூர்ல இன்ஜினியரிங் மூணாவது வருஷம். பெரியவன் என் கடைல ஒக்காந்து ஆட கத்துக்கிட்டவன், சின்னவன் வீட்லயே கம்ப்யூட்டர் வச்சு ஆடுறவன். தீபாவளிக்கு ரெண்டு பேரும் வந்தா அதிரசம் தட்டுல அப்புடியே இருக்கும், "புகைல ஓட்ட போட்டு சுடுறானுவோ, இதெல்லாம் ஒரு ஆட்டமாடா"ன்னு பெரியவன் ஆரம்பிப்பான், "அண்ணே நீ இன்னும் அந்தக் காலத்துலயே இரு"ன்னு சின்னவன் பதில் சொல்லுவான், அக்கா அடுப்படிலேர்ந்து கரண்டியோட வந்து நிக்கிற வரைக்கும் ஓயாது.

கேம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வார்த்தைல சொல்லிடுறேன். அஞ்சு பேர் இந்தப் பக்கம், அஞ்சு பேர் அந்தப் பக்கம். ஒரு பக்கம் பாம் வைக்கணும், இன்னொரு பக்கம் அத வைக்கவிடாம தடுக்கணும், வச்சுட்டா செயலிழக்க வைக்கணும். செத்துட்டா அந்த ரவுண்டு முடியற வரைக்கும் சும்மா ஒக்காந்து பாக்க வேண்டியதுதான். இந்த ஒரு விஷயம்தான் இந்த ஆட்டத்தோட உயிர்னு நான் நெனைக்கிறேன், மத்த பல துப்பாக்கி கேம்ல செத்தா உடனே எழுந்து ஓடலாம், இங்க ஒரு தப்பு பண்ணா ஒரு ரவுண்டே போச்சு, அதனாலதான் கை, கண்ணு, காது மூணும் அவ்ளோ பழகும், பழகுனத மாத்துனா அவ்ளோ வலிக்கும்.

இத ஆரம்பிச்சது பெரிய கம்பெனி கூட இல்ல. 1999ல மின் லீ, ஜெஸ் கிளிஃப்னு ரெண்டு பேரு ஹாஃப் லைஃப் கேம் மேல ஒரு மாட் (mod), அதாவது இருக்குற கேம மாத்தி அமைச்ச ஒரு வடிவம் பண்ணாங்க, அடுத்த வருஷமே வால்வ் கம்பெனி அத எடுத்துக்கிச்சு. 2003ல 1.6னு ஒரு வெர்ஷன் வந்துச்சு பாருங்க, அதுதான் நம்ம ஊர்ப்பக்கம் புடிச்சுக்கிட்டது. 500 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 96 எம்பி ரேம் இருந்தா போதும், ஓடிடும். என் கடைல எட்டு சிஸ்டம், நெட் வேலை செய்யாத நாள்ல கூட லேன் கேபிள்ல அந்த எட்டும் ஒண்ணோட ஒண்ணு பேசும். மவுஸ்ல அப்பல்லாம் அடில ரப்பர் பால் இருக்கும், பசங்க வந்த உடனே மூடிய திருகி பால எடுத்து சட்டைல தொடைப்பானுவோ, உள்ள இருக்குற சின்ன உருளைல அழுக்கு வளையம் மாதிரி ஒட்டியிருக்கும், அத நகத்தால சுரண்டி எடுத்துட்டுத்தான் ஒக்காருவானுவோ. ஏன்னா மவுஸ் ஒரு முடி அளவு தடுக்குனா தலைல போற குண்டு தோள்ல போகும். பத்தாவது படிக்கிற பையன் அவ்ளோ சிரத்தையா ஒரு பொருள தொடச்சு நான் வேற எங்கயும் பாத்ததில்ல.

சரி, சண்டைக்கு வரேன். இந்த ஆட்டத்துல இது முதல் சண்டை இல்லங்க. 2004ல சோர்ஸ்னு புதுசா ஒண்ணு விட்டாங்க, 1.6 ஆளுங்க அந்தப் பக்கமே போகல, 2011ல டபிள்யூசிஜிங்கற வீடியோ கேம் உலகப் போட்டில கூட 1.6 தான் ஆடுனாங்க. 2012ல குளோபல் அஃபென்சிவ், அதாவது சிஎஸ் கோ, அத பாத்தும் ஆரம்பத்துல முகம் சுளிச்சாங்க, கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணி சரி பண்ணி கடைசில ஊரே அதுக்குள்ள போயிடுச்சு, 2018 டிசம்பர்ல இலவசமாவும் ஆயிடுச்சு. இதுல கவனிக்க வேண்டியது, இந்த ரெண்டு தடவையும் புதுசு வந்துச்சு, பழசும் இருந்துச்சு. புடிச்சவன் அங்க போனான், புடிக்காதவன் இங்கயே ஒக்காந்தான். அதனால சண்டை வாய்ச்சண்டையோட நின்னுச்சு.

2023 செப்டம்பர் 27ம் தேதி வந்த கவுன்டர் ஸ்ட்ரைக் 2 அப்புடி இல்ல. அது சிஎஸ் கோ இருந்த அதே இடத்துல வந்து ஒக்காந்துருச்சு. ராத்திரி சிஎஸ் கோ ஆடிட்டு படுத்தவன் மறுநா திறந்தா அப்டேட் ஓடுது, முடிஞ்சா வேற கேம். பெரியவன் கோவத்துல பாதி இதுதான், புகையெல்லாம் சும்மா வாய்ல வர்ற காரணம்னு நான் சொல்லுவேன்.

புகையையும் சொல்லிடுறேன், அது நெசமாவே அழகான விஷயம். முன்னாடி ஸ்மோக், அதாவது புகை குண்டு போட்டா அது ஒரு திரை மாதிரி, நேரம் முடியற வரைக்கும் யார் என்ன பண்ணாலும் அசையாது. இப்ப அது இடத்துக்கு ஏத்த மாதிரி பரவுது, சந்துல போட்டா சந்து நெறையுது, வாசல்ல போட்டா வாசல் வழியா வெளில வழியுது. குண்டு போனா ஒரு ஓட்டை விழுந்து மூடிக்குது, கையெறி குண்டு போட்டா ரெண்டு மூணு செகண்டு நடுவுல வெட்டவெளி ஆயி திரும்ப கூடிக்குது. சாயங்காலம் வீட்ல சாம்பிராணி போடறப்ப விசிறியால ஒரு வீசு வீசினா நடுவுல வழி விட்டு திரும்ப சேரும்ல, அதேதான். ஆனா பெரியவன் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு, பத்து வருஷமா புகைக்குப் பின்னாடி நின்னா பத்திரம்னு பழகுன ஆளுக்கு இப்ப அந்த இடம் பத்திரம் இல்ல, ஒருத்தன் கையெறி குண்டு போட்டுட்டு அந்த ரெண்டு செகண்டுல பாத்து சுட்டுட்டுப் போயிடுறான்.

ரவுண்டு கணக்கும் மாறிடுச்சு. முன்னாடி அதிகபட்சம் 30 ரவுண்டு, 16 ஜெயிச்சவன் வென்றவன். இப்ப 24, 13 ஜெயிச்சா போதும். கேக்க சின்ன மாத்தம் மாதிரி இருக்கும், ஆனா இந்த ஆட்டத்துக்குள்ளயே துப்பாக்கி வாங்க காசு ஒண்ணு இருக்கு, முதல் ரவுண்டுல 800 டாலர்தான் கைல, அதுல கைத்துப்பாக்கி வாங்கலாம், ஏகே-47 வாங்க 2700 வேணும், ஏடபிள்யூபிங்கற தூரத்துலேர்ந்து சுடுற துப்பாக்கி வாங்க 4750. முதல் ரவுண்டு தோத்தா அடுத்த ரவுண்டும் காசு பத்தாம பெரும்பாலும் போயிடும். 30ல ரெண்டு போறதும் 24ல ரெண்டு போறதும் ஒண்ணா சொல்லுங்க? மேட்ச் சீக்கிரம் முடியறது வேலைக்குப் போறவனுக்கு நல்லது, மெதுவா சூடு புடிக்கிற ஆளுக்கு கஷ்டம்.

எனக்கு மனசு கஷ்டமா இருந்தது வேற ஒண்ணுல. அந்த அக்டோபர்ல வலங்கைமான் பக்கத்துலேர்ந்து ஒரு பையன் சிபியூவ சாக்குல சுத்தி பஸ்ல தூக்கிட்டு வந்தான். "அண்ணே கேம் திறக்க மாட்டேங்குது, ஃபார்மேட் பண்ணிக் குடுங்க"ன்னான். கழட்டி பாத்தா 9500 ஜிடின்னு ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு, 4 ஜிபி ரேம். சிஎஸ் கோ அதுல குறைஞ்ச செட்டிங்ல ஓடிட்டு இருந்திருக்கு, அதுக்கு 2 ஜிபி ரேமும் 15 ஜிபி இடமும் போதும். புதுசுக்கு டைரக்ட்எக்ஸ் 11 ஓட்டுற புது மாதிரி கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம், 85 ஜிபி இடம். ஃபார்மேட் பண்ணா வராது தம்பின்னு சொன்னேன், அவனுக்கு நம்பிக்கை இல்ல, "நேத்து வரைக்கும் ஓடுச்சேண்ணே"ன்னு அதே வார்த்தைய மூணு தடவ சொன்னான். அவன்கிட்ட காசு வாங்க மனசு வரல. மேக் கம்ப்யூட்டர் வச்சிருந்தவங்களுக்கும் புதுசு வரல. இவங்கள்ல யாரும் புகை புடிக்கல ரவுண்டு புடிக்கலன்னு விலகுன ஆளுங்க இல்ல, வாசலே மூடிட்டதால வெளில நிக்கிறவங்க.

கம்பெனி பக்கம் காரணமே இல்லன்னு சொல்லமாட்டேன். பத்து பேர் சேர்ந்தாதான் ஒரு ஆட்டம், கூட்டம் ரெண்டா பிரிஞ்சா ரெண்டு பக்கமும் ஆள் கெடைக்க காத்துக் கெடக்கணும், 1.6, சோர்ஸ்னு பிரிஞ்சு கெடந்த காலத்துல அந்த கஷ்டத்த அவங்களும் பாத்திருக்காங்க. அதோட 2013லேர்ந்து துப்பாக்கிக்கு போடுற ஸ்கின், அதாவது அலங்கார வண்ணம், அத வாங்கி விக்கிற சந்தை, அது எல்லாம் அப்புடியே புதுசுக்கு மாறணும்னா ஒரே இடமா இருந்தாதான் சுலபம். பழசையும் லெகஸின்னு ஒரு பழைய வெர்ஷனா விட்டு வச்சாங்க, ஆனா 2024 ஜனவரி 1க்கு மேல அதுக்கு பொறுப்பு இல்லன்னுட்டாங்க, ஆள் சேத்துக் குடுக்குற மேட்ச்மேக்கிங் அதுல இல்ல. ஆள் சேராத அஞ்சுக்கு அஞ்சு ஆட்டத்த வச்சு என்ன பண்றது?

இத கேக்குறப்பல்லாம் எனக்கு நம்ம திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கம் ஞாபகம் வரும். நெல் ஜெயராமன் அய்யா அங்க 174 பாரம்பரிய நெல் ரகத்த மீட்டு வச்சாரு, ரெண்டு கிலோ விதை வாங்குனா அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பிக் குடுக்கணும், அதான் கணக்கு. புது ரகம் விளைச்சல் கூட குடுத்துச்சு, குறுவைக்கு சம்பாவுக்குன்னு விவசாயி அத போட்டாரு, அதுல ஒரு தப்பும் இல்ல, ஆனா யாரோ ஒருத்தர் கைல பழைய விதை இருந்ததாலதான் திரும்ப நட முடிஞ்சுது. 1.6க்கு அந்த விதை பசங்க கைல இருந்துச்சு. சர்வர் ஓட்டுற ஃபைல் கேமோடயே வந்துரும், எந்த கம்பெனியயும் கேக்க வேணாம், ரெண்டு சிஸ்டமும் ஒரு கேபிளும் இருந்தா ஆட்டம். சிஎஸ் கோவுல எல்லாரும் பழகுனது கம்பெனி சர்வர்ல நடக்குற மேட்ச்சுக்கு, அத அங்க நிறுத்துனா இங்க நின்னுரும்.

நான் எந்தப் பக்கம்னு கேட்டாங்க. ஆடுறது புதுசுலதான், அந்தப் புகை எனக்கு ரொம்ப புடிச்சிருக்கு. ஆனா பழசுக்கு மேட்ச்மேக்கிங்கோட ஒரு மூலை விட்டிருக்கணும், கொஞ்ச பேரே வந்தாலும் பரவால்ல, இதுல பெரியவன் பக்கம்தான் நான்.

போன பொங்கலுக்கு பரண் மேலேர்ந்து பழைய ஹார்ட் டிஸ்க்க எறக்கி, கடைல ரெண்டு சிஸ்டத்த கேபிள்ல மாட்டி, அண்ணனையும் தம்பியையும் 1.6ல ஒக்கார வச்சேன். டஸ்ட் டூ மேப். சின்னவன் அதுலயும் வழி தெரிஞ்சு நல்லாத்தான் ஆடுனான், ஒரு ரவுண்டுல பி சைட்ல, பாம் வைக்கிற ஒரு இடம் அது, பாம் வச்சுட்டு காவல் நின்னான், மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருந்திருக்கான், முப்பத்தஞ்சு தாண்டுன உடனே இனிமே அண்ணனால பாம எடுக்க முடியாது, அத செயலிழக்க வைக்கிற கிட் இருந்தாலும் அஞ்சு செகண்டு வேணும்னு கணக்கு போட்டு வெடிக்கு தப்பிக்க டனல் பக்கம் ஓடிட்டான். புதுசுல பாம் 40 செகண்டுல வெடிக்கும். என் கடை 1.6ல அப்பவும் இப்பவும் 45. பெரியவன் சாவகாசமா உள்ள வந்து ஒக்காந்து எடுத்துட்டான்.

"மாமா, டைம் தாண்டிருச்சு, ஏமாத்துறான்!"னு சின்னவன் ஸ்கிரீன காட்டி கத்துறான். பெரியவன் ஒண்ணும் சொல்லல, மவுஸ தூக்கி அடில பால் இருக்கான்னு தடவிப் பாத்துட்டு, "அடுத்த ரவுண்டு போடு மாமா"ன்னான்.