கையில் தூண்டில் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்

வணக்கம். நான் பேசுவது கேட்கிறதா? மதகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், பலகைக்கு அடியில் தண்ணீர் பாய்கிற இரைச்சல் கூடவே வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். போனைச் செங்கல்லில் சாய்த்து வைத்திருப்பதால் படம் கொஞ்சம் கோணலாகத் தெரியலாம். ஸ்டாண்டு போன வாரம் வாய்க்காலோடு போய்விட்டது.

மணி ஆறே முக்கால். தை பிறந்து நாலு நாள் ஆகிறது, பனி இன்னும் விடவில்லை, எதிர்க்கரை நாணல் மங்கலாகத்தான் தெரிகிறது. இந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் கல்லணைக் கால்வாயிலிருந்து வருகிறது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் அதைப் புதாறு என்றுதான் சொல்வோம். 1934-இல் மேட்டூர் அணை வந்த கையோடு வந்த ஆறு. தொண்ணூறு வருடம் ஆகியும் எங்களுக்கு அது புதுசுதான்.

இன்றைக்கு மீன் பிடிக்கச் சொல்லித்தரப் போவதில்லை. தூண்டில் போட்டிருக்கிறேன், கொத்தினால் பேச்சை விட்டுவிட்டு எழுந்துவிடுவேன், அவ்வளவுதான். நான் எப்படி இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சென்னையில் ஒரு கம்பெனியில் நாலு வருடம் இரவு ஷிஃப்ட் பார்த்தேன். மாலை ஆறரைக்குப் போய் விடியற்காலை மூன்றரைக்கு வண்டியில் திரும்பி வருவேன். முதலில் தூக்கம் போனது. அப்புறம் பசி போனது. கடைசியில் போன் அடித்தாலே நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது, அம்மா கூப்பிட்டால்கூட எடுக்கப் பயம். வேலையை விட்டு ஊருக்கு வந்தேன். தஞ்சாவூரில் ஒரு மனநல மருத்துவரிடம் அண்ணன் கூட்டிப்போனான். மனச்சோர்வு, கூடவே பதற்றம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். உடனே தெரியாது, மூன்று நாலு வாரம் ஆகும் என்றும் சொல்லி அனுப்பினார்.

அந்த மூன்று நாலு வாரத்தை எங்கே வைத்துக் கழிப்பது? அதுதான் எனக்குப் பெரிய பிரச்சினை.

அறைக்குள் இருந்தால் அம்மா வாசலில் வந்து வந்து நிற்பார். திண்ணைக்கு வந்தால் தெரு முழுக்க ஆள். "என்னப்பா, லீவா?" "எப்பக் கிளம்புற?" "வீட்லேர்ந்தே வேலையா?" யாரும் கெட்டவர்கள் இல்லை, அக்கறையில் கேட்பதுதான். ஆனால் முப்பத்திரண்டு வயது ஆம்பளை காலை பத்து மணிக்குத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தால், எங்கள் ஊரில் அதற்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். கால் உடைந்திருந்தால் கட்டைக் காட்டலாம். எனக்குக் காட்ட என்ன இருக்கிறது? ஒரு நாளைக்குப் பத்துப் பொய் சொல்லி, அந்தப் பொய்களாலேயே களைத்துப் போய்ப் படுத்துவிடுவேன்.

ஒருநாள் எங்கள் பெரியப்பா வந்தார். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், மூன்று வீடு தள்ளி இருக்கிறார். உடம்பு எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்கவில்லை. "புழு நோண்டணும். வர்றியாடா?" என்றார்.

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் சாணித்தண்ணீர் ஓடி ஊறிய மண், அப்புறம் வெட்டிப்போட்ட வாழைமரத்துக்கு அடியில். அந்த இரண்டு இடத்தில்தான் நல்ல மண்புழு கிடைக்கும். கொட்டாங்குச்சியில் கொஞ்சம் ஈரமண் போட்டு அதில் விட வேண்டும், வெயில் படக்கூடாது. அன்றைக்கு நான் கை கழுவியபோது நகத்துக்குள் மண் இருந்தது. ரொம்ப நாளாக என் விரல் கீபோர்டைத் தவிர எதையும் தொட்டிருக்கவில்லை என்று அப்போதுதான் தோன்றியது.

இதோ பாருங்கள், கிட்டத்தில் காட்டுகிறேன். இந்தத் தக்கை பெரியப்பா செய்தது. மயிலிறகின் தண்டு. கடையில் விற்கும் பிளாஸ்டிக் தக்கையைவிட இது ரொம்ப நுணுக்கமானது, சின்னக் கொத்துக்கூடத் தெரிந்துவிடும். கீழே ஈயக்குண்டு ஒன்று, அதற்குக் கீழே ஒரு சாண் விட்டு முள். கம்பு மூங்கில். வேறு ஒன்றும் கிடையாது. ரீல் வைத்தது ஒன்றும் வாங்கினேன், ஆயிரத்துச் சொச்சம், பரணில் கிடக்கிறது.

தக்கையைப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் இதில் முழுப் படிப்பும். கெண்டைக் குஞ்சு என்றால் பொடிப்பொடியாக அதிரும், புழுவைத் தின்றுவிட்டுப் போய்விடும். ஜிலேபி மெதுவாக ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும், தக்கை சாய்ந்தபடி நகரும். கெளுத்தி யோசிக்காது, ஒரே இழுப்பு, தக்கை காணாமல் போகும். கெளுத்தியைக் கழற்றும்போது பார்த்துப் பிடிக்க வேண்டும், அதன் முள் குத்தினால் சாயங்காலம் வரை கடுக்கும். ஆரா மாட்டினால் தூண்டில் நரம்பு முழுக்கச் சிக்கலாகிவிடும், பாம்பு மாதிரி சுற்றிக்கொள்ளும்.

இதெல்லாம் தெரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த விஷயம் ஒன்றுதான். மாடு அசைபோடுகிற மாதிரி, விட்ட வேலை, கட்டாத கடன் தவணை, மேனேஜர் கடைசியாகச் சொன்ன வார்த்தை, திரும்பவும் விட்ட வேலை. தக்கையைப் பார்க்கும்போது மட்டும் அந்த அசை நிற்கும். அரை நிமிஷம் நிற்கும், மறுபடி ஓடும். தக்கை அசையும், மறுபடி நிற்கும்.

ஏன் இப்படி என்று பின்னாலே தேடிப் படித்தேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரேச்சல் கப்லன், ஸ்டீபன் கப்லன் என்று ஒரு தம்பதி, இரண்டு பேரும் உளவியல் அறிஞர்கள், 1989-இல் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். வலிந்து கவனம் செலுத்தி வேலை பார்க்கிற சக்தி மனிதனுக்கு ஒரு அளவுக்குத்தான் உண்டு, அது தேய்ந்துபோகும். ஓடுகிற தண்ணீர், அசைகிற இலை, மேகம் இதெல்லாம் நம் கவனத்தை மெல்ல இழுத்துக்கொள்கிறது, ஆனால் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. அந்த நேரத்தில் தேய்ந்த சக்தி திரும்ப ஊறுகிறது என்பது அவர்கள் கருத்து. படித்தபோது, சரி, இது கிணறு ஊறுகிற கணக்குத்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் எனக்கு முதலில் கிடைத்தது அதுகூட இல்லை. கரையில் உட்கார்ந்த முதல் நாளே ஒருவர் சைக்கிளில் போனார். திண்ணையில் என்னைத் தினமும் விசாரிப்பவர். நான் எச்சிலை விழுங்கிக்கொண்டு பதில் தேடுகிறேன், அவர் சைக்கிளை நிறுத்தி, "எதுவும் மாட்டுச்சா?" என்றார். இல்லை என்றேன். "மைதா உருண்டை போட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவ்வளவுதான். ஆள் அதே ஆள். நானும் அதே நான்தான், அதே மாதிரி சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். கையில் ஒரு கம்பு இருக்கிறது, அதனால் இது சும்மா இல்லை. ஊரார் கேள்வியே மாறிவிட்டது. அந்தக் கேள்விக்கு நான் உண்மையைச் சொல்லலாம்.

இருங்கள், இருங்கள்... தக்கை போகிறது.

ம். கெண்டை, சுண்டுவிரல் அளவு. போ, வளர்ந்து வா. சின்னதை விட்டுவிடுவேன், ஜிலேபியைத் தவிர. ஜிலேபி வெளிநாட்டிலிருந்து வந்து நம் குளம் குட்டையெல்லாம் நிறைத்துவிட்ட மீன், அதற்கு இரக்கம் தேவையில்லை, குழம்புதான். விரால் விஷயத்தில் பெரியப்பா கறார். தண்ணீருக்கு மேல் செம்மஞ்சளாகப் பொடிக் குஞ்சுகள் கூட்டமாகக் கொதிக்கிற மாதிரி தெரிந்தால், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் தவளையைக் கட்டிப் போட்டால் சுலபமாகப் பாய்ந்து கவ்வும். அங்கே தூண்டில் போடவே கூடாது என்பார். பெற்றவர்களைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன் எல்லாம் தின்று தீர்த்துவிடும்.

எங்கே விட்டேன்? சரி, மருத்துவர். அடுத்த தடவை போனபோது கூச்சப்பட்டுக்கொண்டே இதைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணிக்கு, யாரோடு என்று கேட்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். மனம் சரியானதும் வெளியே போகலாம் என்று உட்கார்ந்திருந்தால் அது நடக்காது, நேரம் குறித்துவைத்துப் போய்விடு, மனம் பின்னால் வரும் என்றார். இதையே ஒரு சிகிச்சை முறையாகச் செய்கிறார்களாம். காலை வெயில் கண்ணில் படுவதும் நல்லது, நாலு வருடமாகக் கலைத்துப்போட்ட தூக்கக் கணக்கை அதுதான் திருப்பும் என்றார்.

இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 20,000 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2019-இல் வெளியிட்டார்கள். வாரத்துக்கு 120 நிமிஷமாவது இயற்கையான இடங்களில் கழிப்பவர்கள், உடம்பும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகம். ஒரே மூச்சாக இரண்டு மணி நேரமா, நாலு தடவையாகப் பிரித்தா என்பது முக்கியமில்லை. நன்றாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்று நீங்கள் கேட்டால், நியாயமான கேள்வி. அந்த ஆய்வு அதை முடிவாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் இன்னும் நேரடியாக இறங்கினார்கள். 2005-இல் வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்த, ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி எட் நிக்கல்சன், போரில் காயம்பட்டு வந்த சிப்பாய்களுக்குத் தூண்டில் வீசக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அதுதான் புராஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ் என்ற அமைப்பாக வளர்ந்தது. அந்தச் சிப்பாய்களும் என்னைப் போலத் திண்ணைக் கேள்விக்குப் பயந்தவர்களாகத்தான் இருப்பார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

பெரியப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் அவரோடு உட்கார்ந்திருக்கிறேன், என்னைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஒருநாள் தக்கையைப் பார்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "கஜா அடிச்சப்ப எனக்கும் இப்படித்தான்டா இருந்துச்சு" என்றார்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. எங்கள் பக்கம் தென்னையெல்லாம் ஒரே ராத்திரியில் சாய்ந்தது. பெரியப்பாவுக்கு எழுபத்திரண்டு மரம். நாங்கள் தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்றுதான் சொல்வோம், பிள்ளைதான். விடிந்து தோப்புக்குப் போய்ப் பார்த்தவர், வீட்டுக்கு வந்து ஒரு மாதம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, ராத்திரி காற்றுச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வார். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார் என்றெல்லாம் அவருக்கு யாரும் சொல்லவில்லை. தோப்புப் பக்கம் போக முடியாமல் வாய்க்கால் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறார். "இங்க ஒக்காந்தா யாரும் மரத்தப் பத்திக் கேக்க மாட்டாங்க" என்றார்.

எனக்கு அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. அவரும் பதில் எதிர்பார்க்கவில்லை, புழுவை மாற்றிப் போட்டார். நேருக்கு நேர் உட்கார்ந்திருந்தால் அவர் அதைச் சொல்லியிருக்கவே மாட்டார். இரண்டு பேர் கண்ணும் தண்ணீரில் இருந்ததால் சொன்னார். அதற்கப்புறம்தான் நானும் கொஞ்சம் கொஞ்சமாக அவரிடம் சொன்னேன்.

ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆவணியில் நல்ல தண்ணீர், நல்ல மீன், மனசும் லேசாக இருந்தது. இனி எதற்கு என்று மாத்திரையை நானாகவே நிறுத்திவிட்டேன். இரண்டே வாரம், தலைசுற்றல், தூக்கம் போச்சு, பழைய பயம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. மருத்துவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாத்திரையைக் குறைப்பதோ நிறுத்துவதோ அவர் சொல்லித்தான் செய்ய வேண்டும். தூண்டிலைப் பார்த்து மாத்திரையை விட்ட முட்டாள் நான் ஒருவனாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று, இது முக்கியம். செத்துப்போகலாம் என்கிற மாதிரி எண்ணம் வந்தால் தண்ணீர்ப் பக்கம் தனியாக வராதீர்கள். யாரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள், உடனே பேசுங்கள். 14416, டெலி மானஸ் என்று அரசாங்கம் நடத்துவது, இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நானும் ஒரு ராத்திரி கூப்பிட்டிருக்கிறேன். அப்புறம், நீச்சல் தெரிந்தாலும் புதாற்றில் இறங்க வேண்டாம். மேலே அமைதியாகத்தான் தெரியும், இழுப்பு அடியில் இருக்கிறது.

சரி, வெயில் ஏறுகிறது. வழக்கப்படி 28-ஆம் தேதி மேட்டூரை மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் சில நாளில் இந்த வாய்க்கால் வற்றிவிடும். மறுபடி ஜூன் 12 அணை திறந்து தண்ணீர் இங்கே வந்து சேரும் வரை எங்கே போவது என்று மார்கழி பூரா எனக்கு ஒரே கவலை. ஊர்க்குளம் மீன்பாசிக் குத்தகைக்குப் போய்விட்டது, தூண்டில் போட்டால் சண்டைதான் வரும். போன வாரம் பெரியப்பா போய்க் குத்தகைக்காரரிடம் பேசியிருக்கிறார். தூண்டிலெல்லாம் விட முடியாது என்றாராம். ஆனால் பகலில் பையன்கள் வந்து திருடுகிறார்கள், நீர்க்காகம் வேறு கூட்டமாக இறங்குகிறது, கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாராம். மாதச் சம்பளம் கிடையாது, வாரத்துக்கு ஒரு கிலோ மீன்.

அரசமரத்து நிழல், படித்துறை, கையில் ஒரு குச்சி. பிப்ரவரி ஒன்றாம் தேதியிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்.