16 நொடியும் 25 வருடமும்

நண்பர்களே, வணக்கம்.

1998 ஜூன் 28. பிரான்சில் உலகக் கோப்பைக் கால்பந்தின் இரண்டாம் சுற்று. டென்மார்க் நைஜீரியாவை 2-0 என்று முந்திக்கொண்டிருக்கிறது. ஆட்டம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகும்போது டென்மார்க் ஒருவரை மாற்று ஆட்டக்காரராக உள்ளே அனுப்புகிறது. டென்மார்க்கின் மிக்கேல் லாட்ரூப் பந்தைக் கால் நுனியால் அள்ளிப் போடுகிறார். புதிதாக வந்தவர் அதைத் தலையால் தட்டி நைஜீரியாவின் தடுப்பாட்டக்காரர் தாரிபோ வெஸ்ட்டைக் கடந்து ஓடி, வலைக்குள் அடித்துவிடுகிறார். மைதானத்துக்குள் கால் வைத்து 16 நொடிதான் ஆகியிருந்தது!

அவர் பெயர் எபே சான்ட். அன்று அவருக்கு 25 வயது முடியப் போகிறது. தேசிய அணிக்கு முதன்முதலாக ஆடியதே அந்த வருடம் ஏப்ரலில்தான். 25 என்றால் நம் வீடுகளில் சின்னப் பையன். கால்பந்தில் அந்தக் கணக்கு செல்லாது. அடுத்த இரண்டே நாளில், அதே உலகக் கோப்பையில், 18 வயது மைக்கேல் ஓவன் அர்ஜென்டினாவுக்கு எதிராகக் கோல் அடித்து உலகப் புகழ் பெற்றார்.

சான்ட் பிறந்தது 1972-ல், ஹாட்சுன்ட் என்ற சிறிய ஊரில். கூடப் பிறந்த இரட்டையர் பீட்டரும் கால்பந்துக்காரரே. 20 வயதில் டென்மார்க்கின் பிரோன்பி கிளப்புக்கு வந்த சான்ட், பந்தை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை, பொறியியலும் படித்தார். வருடங்கள் போயின. 1997-98 பருவத்தில்தான் 28 கோல் அடித்து டென்மார்க் லீகில் முதலிடம் பிடித்தார். அந்த வருடங்களை வீணான வருடங்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பந்து எங்கே வந்து விழும் என்று ஒரு கணம் முன்னே தெரிந்து நிற்கிற கலை அவசரத்தில் வருவதில்லை.

உலகக் கோப்பை முடிந்த கையோடு ஒரு பெரிய அடி. விதைப்பையில் புற்றுநோய். அறுவை சிகிச்சை செய்துகொண்டு மைதானத்துக்குத் திரும்பினார். டென்மார்க்கின் அந்த வருடத்துச் சிறந்த வீரரும் அவரே. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

1999-ல், 27 வயதை எட்டும் நேரத்தில், ஜெர்மனியின் ஷால்கே அணிக்குப் போனார். கெல்சன்கிர்ஷன், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் ஊர். உழைப்பவனை அந்த ஊருக்குப் பிடிக்கும், சான்டையும் பிடித்துப்போனது.

2001 மே 19-க்கு வருகிறேன். ஜெர்மன் லீகின் கடைசி நாள். ஷால்கே உன்டர்ஹாஹிங்கிடம் 0-2 என்று பின்தங்கி, மீண்டு, 5-3 என்று ஜெயித்தது. ஐந்தாவது கோல் சான்டுடையது. அதே நேரம் ஹாம்பர்கில் ஆடிக்கொண்டிருந்த, முதலிடத்தில் இருந்த பேயர்ன் மியூனிக் தோற்றால் ஷால்கேதான் சாம்பியன். அங்கே 90-வது நிமிடத்தில் ஹாம்பர்கின் செர்கேய் பார்பரெஸ் கோல் போட்டுவிட்டார்! ஆட்டம் முடிந்தது என்று நினைத்து ஷால்கே ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள். அப்போது பெரிய திரையில் ஹாம்பர்க் ஆட்டம் தெரிகிறது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது! ஹாம்பர்க் கோல்கீப்பர் ஷோபர், தன் அணிக்காரர் காலால் தள்ளிய பந்தைக் கையில் எடுத்துவிட்டார், அது விதிமீறல் என்று பேயர்னுக்கு ஃப்ரீகிக். பேயர்னின் பாட்ரிக் ஆண்டர்சன் அடித்தார். கோல். ஆட்டம் சமன், பேயர்னுக்கு அது போதும். பட்டம் ஒரே புள்ளியில் கைவிட்டுப் போனது. அந்த ஷோபர் வளர்ந்ததும் ஷால்கேவில்தான். நான்கு நிமிடம் சாம்பியனாக இருந்த அந்த அணியை ஜெர்மனியில் இன்றும் 'இதயங்களின் சாம்பியன்' என்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பருவத்தில் சான்ட் அடித்தது 22 கோல். ஷால்கேவுக்கு நம்பிக்கை கொடுத்த அந்த 90-வது நிமிடக் கோலோடு பார்பரெஸுக்கும் 22. லீகில் அதிக கோல் அடித்தவர் என்ற பட்டத்தை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

ஒரு வாரம் கழித்து பெர்லினில் ஜெர்மன் கோப்பை இறுதி ஆட்டம். யூனியன் பெர்லினை 2-0 என்று வென்றது ஷால்கே. மறுவருடமும் அந்தக் கோப்பை அவர்களுக்கே. சான்ட் வேறு கிளப் தேடிப் போகவில்லை. 2006-ல், 33 வயதில், அதே ஷால்கே சட்டையில்தான் ஆட்டத்தை முடித்துக்கொண்டார்.