ஒரே கதிரையில் இரண்டு வேலை

வணக்கம் நேயர்களே.

நீதிமன்றம் ஏறிய வேலிச் சண்டை பேரப்பிள்ளை காலம் வரைக்கும் இழுபடும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபைகள் சின்னப் பிணக்குகளைப் பேசி முடித்துவைக்கின்றன, தீர்ப்புச் சொல்வதில்லை. நடுத்தீர்ப்பாளர் வேறு. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு அமர்த்துகிறவர். அவர் எழுதும் தீர்ப்பு இருவரையும் கட்டும். அப்படிப்பட்டவர், "சமாதானமாய்ப் போங்கோவன்" என்று கேட்கலாமா?

கேட்க வேண்டும் என்பேன். 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டமும், இரு தரப்பும் சம்மதித்தால் அதற்கு இடம் தருகிறது. இணங்கியதையே தீர்ப்பாக எழுதிக்கொள்ளலாம். பிறகு ஒருவர் பின்வாங்கினால், அதை நிறைவேற்றித் தரும்படி மற்றவர் மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

எனக்குப் பயம் தனியறைப் பேச்சில்தான். ஒரு வீட்டுக்காரருக்கும் கொந்தராத்துக்காரருக்கும் மிச்சக் காசு 20 லட்சத்தில் பிணக்கு என்று வையுங்கள். நடுத்தீர்ப்பாளர் கொந்தராத்துக்காரரைத் தனியாகக் கூப்பிடுகிறார். அவரும் மனம்விட்டு, "ஐயா, 12 தந்தாலும் காணும். கொங்கிறீற்றுக்குக் கம்பியும் கொஞ்சம் குறைச்சல்தான்" என்கிறார். பேச்சு முறிகிறது. அடுத்த கிழமை அதே மனிதர் அதே கதிரையில் இருந்து தீர்ப்பு எழுத வேண்டும். அந்த 12ஐ எப்படி மறப்பார்? வீட்டுக்காரர் தன் முறைக்குத் தனியாக என்ன சொன்னார் என்பதும் கொந்தராத்துக்காரருக்குத் தெரியாது. தெரியாத குற்றச்சாட்டுக்கு அவர் எப்படி மறுமொழி சொல்வது?

ஹொங்கொங் சட்டப்படி, தனியே கேட்ட இரகசியத்தில் வழக்குக்கு முக்கியமானதை, விசாரணைக்குத் திரும்புமுன் எல்லாத் தரப்புக்கும் சொல்லிவிட வேண்டும். நேர்மையான விதி. ஆனால், பிறகு வெளியே வரும் என்று தெரிந்தால் யார் வாய் திறப்பார்? சிங்கப்பூரில் உள்ள ஒரு முறை எனக்குப் பிடிக்கும்: நடுத்தீர்ப்பை நிறுத்திவைத்து, இணக்கப் பேச்சை வேறொருவரிடம் கொடுப்பார்கள்.

யாழ்ப்பாணம் சின்ன ஊர். நடுத்தீர்ப்பாளர் ஒருவரோடு தனியாகக் கதைத்தார் என்றால், தேத்தண்ணி ஆறுமுன்னம் செய்தி சந்திக்கு வந்துவிடும். அப்புறம் அவர் எவ்வளவு நீதியாக எழுதினாலும், தோற்றவர் "அது அவையின்ர ஆள்" என்றுதான் சொல்வார்.

ஆகவே அவர் பேசட்டும், இரண்டு பேரையும் முன்னால் இருத்திவைத்தே பேசட்டும். "இரண்டு பக்கக் கணக்கிலும் ஓட்டை இருக்கு. ஒரு மணித்தியாலம் வெளியில இருந்து கதைச்சிட்டு வாங்கோ" என்று சொல்லி அனுப்பட்டும். அந்த ஒரு மணித்தியாலமும் அவர் உள்ளேயே இருக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.