புதுசா ஒண்ணைக் கையில் எடுங்க!

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மாரே, அக்காமாரே, நூலக ஆண்டு விழாவுக்குக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமிருந்து வந்து உட்கார்ந்திருக்கிற சொந்தங்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

அயல்நாட்டில் இருப்பவருக்குப் புதிய பொழுதுபோக்கு தேவையா, தேவையில்லையா என்பது தலைப்பு. தேவை என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன், பிழைக்கப் போனவன் பிழைப்பைத்தான் பார்க்கணும், லீவு நாளில் ஓவர்டைம் செய்தால் கடன் அடையும், அதுக்கும் மேலே நேரம் கிடந்தால் ரூமிலே சீட்டு இருக்கு, கேரம் இருக்கு, ஃபோனில் நம்மூர்ப் படம் இருக்கு, புதுசா எதுக்கு என்று கேட்டார். கைதட்டலும் நிறைய விழுந்தது.

அண்ணா, கடன் எனக்கும் இருந்தது. நான் அபுதாபியில், முசாஃபாவில் வேலை பார்த்தவன். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்று அந்த நாட்டில் சட்டமே போட்டிருக்கிறார்கள் என்றால் அந்த வெயிலை நீங்களே நினைத்துப் பாருங்கள். அந்த வெயிலில் ஆறு நாள் நின்றவனிடம் ஏழாவது நாளும் ஓவர்டைம் செய் என்று சொல்ல எப்படி மனசு வருகிறது? சரி, ஓவர்டைம் வேண்டாம், ரூமிலேயே கிடக்கட்டும் என்கிறீர்களா? அப்படிக் கிடந்தவர்களைப் பக்கத்துக் கட்டிலில் பார்த்தவன் நான். ராத்திரி முழுக்க ஃபோன், பகலில் அரைத் தூக்கம், அப்புறம் வீட்டுக்குப் பேசும்போது ஒண்ணுமில்லாத விஷயத்துக்கு மனைவி மேல் எரிச்சல். சீட்டு விளையாடலாம்தான், தப்பில்லை. ஆனால் சீட்டுக்கு உட்காருகிற நாலு பேரும் ஊர்க்காரர்கள், பேச்சு சம்பளத்தையும் விசாவையும் சுற்றித்தான் வரும். எழுந்தால் மறுபடியும் அதே கட்டில்.

எனக்குத் தூண்டில் கிடைத்தது. நம்ம பாலக்காடு ஜில்லாவுக்குக் கடற்கரையே கிடையாது, சித்தூர்ப் புழையில் கெண்டை பிடித்ததைத் தவிர எனக்கு மீன்பிடி தெரியாது. கூட வேலை பார்த்த ஒரு ஃபிலிப்பைன்ஸ்காரர்தான் கூட்டிக்கொண்டு போனார். முதலில் லைசென்ஸ் எடுக்க வைத்தார், அங்கே பொழுதுபோக்காக மீன் பிடிக்கவும் லைசென்ஸ் வேணும். அப்புறம் முடிச்சு. தூண்டில் கயிறான நரம்பைக் கொக்கியின் காதில் நுழைத்து, நுனியை அந்த நரம்பின் மேலேயே அஞ்சாறு சுற்று சுற்றி, காதுக்குப் பக்கத்தில் வருகிற சின்ன வளையத்தில் நுனியை விட்டு, இழுக்கிறதுக்கு முன்னால் வாயில் வைத்து ஈரப்படுத்தணும். காய்ந்த நரம்பை அப்படியே இழுத்தால் உரசலில் சூடாகி அந்த இடம் பலவீனமாகிவிடும், பெரிய மீன் மாட்டினால் அறுந்துபோகும். இதை அவர் தமிழிலா சொன்னார்? எனக்குத் தெரிந்த இங்கிலீஷும் அவருக்குத் தெரிந்த ஹிந்தியும் கொஞ்சம்தான், மிச்சத்தையெல்லாம் கையாலேயே சொல்லிக் கொடுத்தார். சாஃபி என்று ஒரு மீன், நம்ம தமிழ்நாட்டுக் கடலோரத்தில் ஓரா என்பார்கள், அதன் முதுகு முள்ளில் விஷம் உண்டு, குத்தினால் கை கடுகடுக்கும். எங்கே பிடிக்கணும், குத்திவிட்டால் தாங்குகிற சூட்டு வெந்நீரில் கையை வைக்கணும் என்பதெல்லாம் அவர் காட்டியதுதான். மார்ச், ஏப்ரலில் அந்த சாஃபியையும் ஷேரி என்கிற இன்னொரு மீனையும் பிடிக்கத் தடை, முட்டையிடும் காலம் என்று கரையில் வந்து சொன்னவர் ஒரு அரபிப் பெரியவர். அதுவரைக்கும் ஒரு அரபியோடு ஆபீஸ் காகிதத்துக்காக அல்லாமல் வேறு எதுக்காவது நான் பேசியிருக்கிறேனா என்றால், இல்லை. ரூமில் கேரம் ஆடிக்கொண்டிருந்தால் இந்த இரண்டு பேரும் எனக்குக் கிடைத்திருப்பார்களா, அண்ணன் சொல்லட்டும்.

காசு செலவாகுமே என்பது அடுத்த கேள்வி. கேமரா, விலை கூடின சைக்கிள் என்று போனால் ஆகும்தான். கைத்தூண்டிலுக்கு நரம்பு, கொக்கி, ஈயக்குண்டு, கொஞ்சம் இறால். அவ்வளவுதானுங்க.

இது ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமான விஷயமும் இல்லை. வேலைக்குப் போகிற கணவன், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, பூட்டின ஃபிளாட்டில் தனியாக இருக்கிற பெண், இந்த நிலைமை இங்கே எத்தனை வீட்டுக்குத் தெரியும்! என் அத்தை மகள் ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் அப்படித்தான் இருந்தாள். அங்கே ஊருக்குள்ளேயே சங்கம் வைத்துச் சின்னச் சின்னத் தோட்டமாகக் குத்தகைக்கு விடுகிற வழக்கம் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது, ஒரு தோட்டம் 400 சதுர மீட்டருக்கு மேல் போகக் கூடாது, அதில் மூன்றில் ஒரு பங்காவது காய், கனி போடணும் என்று கணக்கும் உண்டு. தென்னந்தோப்பு இருக்கிற வீட்டில் பிறந்தாலும் மண்வெட்டியைத் தொடாமல் வளர்ந்தவள் அவள். பனிக்காலம் முடிந்து எப்போது விதை போடணும் என்பதைப் பக்கத்துத் தோட்டத்துப் பாட்டியிடம் கேட்டுக் கேட்டுத்தான் ஜெர்மன் பேசவே பழகினாள். இப்போது அந்தப் பாட்டிக்கு அவள் சுரைக்காய்க் கூட்டு வைத்துக் கொடுக்கிறாள்.

இப்படியெல்லாம் பழகினால் ஊரை மறந்துவிடுவான் என்று எதிரணி அக்கா சொன்னார். அக்கா, கல்ஃபிலிருந்து முழுசாகத் திரும்பி வந்தவர்கள் நம்ம ஊரிலேயே எத்தனை பேர் இருக்கிறார்கள். வீடு கட்டியாச்சு, கல்யாணம் முடித்தாச்சு, காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருக்கிறார்கள். பாதி ஆயுசு வேலையும் ரூமுமாகவே போனவர்கள், ஓய்வு கிடைத்ததும் அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை, அவர்கள் அனுப்பின பணத்தில்தான் இந்தப் பக்கம் பாதி வீடுகள் எழும்பியிருக்கின்றன. அவர்களுக்கு இப்படி ஆகியிருக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, எனக்கு அடுத்துப் பேச வருகிற எதிரணி அண்ணன் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். இந்தக் கூட்டத்தில் விசா வந்து பெட்டி கட்டிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து, "போகிற இடத்தில் வேலையைத் தவிர வேறு எதையும் கற்றுக்கொள்ளாதே" என்று சொல்ல அவருக்கு வாய் வருமா? வணக்கமுங்க.