மே வீட்டு லாச்சிகள்

வணக்கம் நேயர்களே.

காதுகள் நிமிர்ந்த, சாம்பல் நிறத்துப் பெரிய உருவம் ஒன்றைப் பிள்ளைகளின் புத்தகப் பையிலோ ரீசேட்டிலோ பார்த்திருப்பீர்கள். அதுதான் தொத்தொரோ. ஜப்பானின் ஜிப்லி நிறுவனத்தில் மியாசாக்கி ஹயாவோ இயக்கி 1988இல் வெளிவந்த கார்ட்டூன் படத்தில் வரும் காட்டு உயிர். நான் கிழக்கிலங்கையில் பாண்டிருப்பில் முன்பள்ளி ஆசிரியை. அந்தப் படத்தை என் பிள்ளைகளோடு எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், இன்னும் சலிக்கவில்லை.

அதில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. தாய் ஆஸ்பத்திரியில். சற்சுகி, மே என்ற அக்காவும் தங்கையும் தகப்பனோடு கிராமத்துப் பழைய வீடொன்றுக்குக் குடிவருகிறார்கள். அம்மா எப்ப வருவா என்ற காத்திருப்புத்தான் கதை. மியாசாக்கியின் தாயாரும் முதுகெலும்புக் காசநோயால் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன தாயை எதிர்பார்த்திருக்கும் பிள்ளைகள் எங்கள் ஊர்களில் எத்தனை பேர்! அவர்களுக்கு இந்தப் படம் வேறு விதமாகப் படும். மழைக்குள் பஸ் தரிப்பிடத்தில், தூங்கிப்போன தங்கையை முதுகில் சுமந்தபடி சற்சுகி நிற்கும்போது என் வகுப்பில் ஒரு சத்தமும் இருக்காது.

என் மருமகன் நாகோயாவில் வேலை செய்கிறான். "வாங்க மாமி, ஜிப்லி பூங்காவுக்குக் கூட்டிப் போறன்" என்றான். அய்ச்சி மாகாணத்தில், 2005இல் உலகக் கண்காட்சி நடந்த இடத்தில், 2022 நவம்பரில் திறந்த பூங்கா அது. காந்த விசையில் மிதந்து ஓடும் லினிமோ ரயிலில் போய் இறங்கலாம். வயிற்றைக் கலக்கும் ராட்டினங்களைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். இருந்த மரங்களைக் காப்பாற்றி, அவற்றுக்கு இடையில் கதையின் வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள். பழைய நீச்சல் தடாகக் கட்டடம் ஒன்றுதான் இப்போது பெரிய காட்சிக்கூடம். இந்தப் பணிகளுக்குத் தலைமை தாங்கியவர் மியாசாக்கியின் மகன் கோரோ.

காட்சிக்கூடம் அழகுதான், சனமும் அதிகம். என் மனம் பூங்காவின் இன்னொரு பகுதியான தொன்தொக்கோ காட்டிலேயே இருந்தது. சற்சுகியும் மேயும் இருந்த வீடு அங்கேதான். 2005 கண்காட்சிக்காகவே கட்டியது. கதை நடக்கும் 1950களின் காலத்துக்குப் பொருந்தும்படி தச்சர்கள் செய்த மரவீடு. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். தொடாதே என்று தடுக்க யாரும் இல்லை. லாச்சிகளை இழுத்துப் பார்க்கலாம், அலுமாரியைத் திறக்கலாம். திறந்தால் உடுப்புகள் மடித்து அடுக்கியிருக்கின்றன! தகப்பனின் அறையில் புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன. படத்தில் ஒரு கணம்கூடக் காட்டாத லாச்சிக்கும் ஒருவர் உடுப்புத் தேடி மடித்து வைத்திருக்கிறார். இந்தக் கவனத்துக்காகவே நான் அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். கண் கலங்கிவிட்டது, மருமகன் பேசாமல் பக்கத்தில் நின்றான்.

மேட்டின் மேல் மரத்தால் செய்த பெரிய தொத்தொரோ நிற்கிறது, ஏறக்குறைய 5 மீற்றர் உயரம். அதன் வயிற்றுக்குள் சின்னப் பிள்ளைகள் மட்டுமே போகலாம். அந்த விதி எனக்குப் பிடித்தது. உள்ளே என்ன கண்டோம் என்று பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியது அவர்கள்தானே.

ஒரு கதைக்குள் நடந்து போவது எங்களுக்கும் பழக்கமானது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் 18 நாள் உற்சவத்தில் பாண்டவர் வனவாசம் போகிறார்கள், அருச்சுனன் தவம் செய்யும் தவநிலை வருகிறது, தீமிதிப்பு நடக்கிறது. அது வழிபாடு, நான் ஜப்பானுக்குப் போனது ஒரு ரசிகையாக. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனாலும் சின்ன வயதில் அந்த வனவாசத்தின் பின்னால் நடந்த எனக்கு, மகாபாரதம் எங்கள் தெருவில் நடந்த கதை. அதனால்தான் அந்த மரவீட்டில் நான் அந்நியமாக உணரவில்லை என்று நம்புகிறேன்.

ஜப்பானில் உறவினர் இருப்பவர்கள் கட்டாயம் போய்ப் பாருங்கள். நுழைவுச்சீட்டை நாள் குறித்து முன்கூட்டியே எடுக்க வேண்டும். அதில் வகைகள் உண்டு, வீட்டுக்குள் போகவும் அனுமதி தரும் சீட்டா என்று கேட்டு எடுங்கள். வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினால் அந்த லாச்சிகளைத் திறக்க முடியாது.

நன்றி, வணக்கம்.