மூன்று வயதில் போனவள் முதல் வகுப்புக்கு வருவாளா?
(மதுரை செல்லூரில் மாநகராட்சித் தொடக்கப் பள்ளி ஆண்டு விழாவில் பேசியது)

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, வேலை நாளில் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் ஐயா அவர்களே, தலைமையாசிரியை அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்களே, ஒலிபெருக்கியைக் காசு வாங்காமல் கொடுத்த தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

சேர்க்கை, படிப்பு, கழிப்பறை என்று மூன்றைப் பற்றிப் பேச வந்தேன். முதலில் சேர்க்கை. நம்ம பள்ளியில் எல்.கே.ஜி. இல்லை, ஒன்றாம் வகுப்பிலிருந்துதான் சேர்க்கிறோம்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்பார்கள். நம்ம தெருவில் மூன்றிலேயே வளைத்து தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறார்கள்!

சேர்க்கைப் பேரணி போனபோது ஒரு வீட்டில் தறிச்சத்தம். தாத்தா தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். பாவு நூலைப் பிடித்துக்கொண்டு பேத்தி நின்றாள். "சார், பிள்ளைக்கு மூணு வயசு. சேர்த்துக்கிடுவீங்களா?" என்றார். "ஐந்து முடியட்டும் ஐயா" என்றோம். "அதுவரைக்கும் தறிக்குழிக்குள்ளயா உட்கார வைக்க?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து அதே வாசல். பிள்ளை டை கட்டி, ஷூ போட்டு, வேனுக்குக் காத்திருக்கிறாள். "இப்ப ஐந்து ஆச்சே, அனுப்புங்க" என்றேன். அவர் உள்ளே போய் ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து ஒரு அடகுச் சீட்டை எடுத்து வந்து காட்டினார். மருமகளின் கம்மல். "சார், இனி மாத்தினா பிள்ளை அழுவா. சிநேகிதப் பிள்ளைக எல்லாம் அங்கதான். தம்பியையும் அடுத்த வருஷம் அதுலதான் சேர்க்கணும்" என்றார். ஒரு பிள்ளை போனால் அந்த வீடே போய்விடுகிறது. ஐந்தில் வளையாதது என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் நம்ம மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. பிள்ளை பசியோடு உட்காருவதில்லை, பெரிய காரியம். ஆனால் அந்தத் தட்டும் ஒன்றாம் வகுப்பிலிருந்துதான்.

2019-ல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பித்தார்கள். அவை நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்தவை. நம்முடையது தொடக்கப் பள்ளி, அதனால் நமக்கு வரவில்லை. தனியார் பள்ளியில் அரசே கட்டணம் கட்டும் 25 சதவீத இடமும் எல்.கே.ஜி.யிலிருந்துதான் தொடங்குகிறது. அங்கே கட்டும் அரசு, இங்கே ஒரு வகுப்பறையும் ஒரு ஆசிரியையும் தரக்கூடாதா?

படிப்பு பற்றி: எழுதப் படிக்க, கணக்குப் போடச் சொல்லிக்கொடுக்கும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு சின்ன வகுப்புகளில் நல்ல மாற்றம் தெரிகிறது. விரிவாகச் சொல்ல நேரமில்லை, மாமன்ற உறுப்பினர் அம்மா பேச வேண்டும். கழிப்பறையை அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.

எல்.கே.ஜி. கேட்டு மனு எழுதி வாசலில் வைத்திருக்கிறோம். ஐந்துக்குள் வளைக்க நமக்கும் ஒரு இடம் வேண்டும். பேனா இரண்டு கட்டியிருக்கிறது. கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டியும் இருக்கிறது. அப்புறம் சாப்பிடலாம், முதலில் கையெழுத்துப் போடுங்கள்.