ஒரு போஸ்ட்மாஸ்டர், ஒரே ஓட்டு: ஓரிகான் 1876

[திரையில்: ஓரிகான் வரைபடம்]

1876 நவம்பர் 7, அமெரிக்க அதிபர் தேர்தல். ஓரிகான் மாநிலத்தில் மக்கள் போட்ட ஓட்டில் குழப்பமே இல்லை. குடியரசுக் கட்சியின் ஹேய்ஸ், ஜனநாயகக் கட்சியின் டில்டனை ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் முந்தினார். வில்லங்கம் அதற்கப்புறம்தான்.

அமெரிக்காவில் ஓட்டு விழுவது அதிபருக்கு அல்ல, அதிபரைத் தேர்ந்தெடுக்கக் கட்சி நிறுத்தும் எலெக்டர்களுக்கு. ஓரிகானில் ஜெயித்த மூவரும் ஹேய்ஸ் ஆட்கள்: ஓடெல், கார்ட்ரைட், வாட்ஸ். இந்த வாட்ஸ், லஃபாயெட் என்ற சின்ன ஊரின் போஸ்ட்மாஸ்டர். மத்திய அரசுப் பதவியில் இருப்பவர் எலெக்டராகக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 2-ம் பிரிவு. தேர்தல் முடிந்த பிறகுதான் அவர் வேலையை விட்டார்.

[திரையில்: ஜெயிக்க 369 எலெக்டர் ஓட்டில் 185 வேண்டும். டில்டன் கையில் 184]

கவர்னர் குரோவர் ஜனநாயகக் கட்சிக்காரர். தகுதியில்லாதவரின் ஓட்டு செல்லாது என்று சொல்லி, அடுத்த இடத்தில் வந்த டில்டன் ஆள் குரோனினுக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டார். எதிர்த்தரப்போ, இது காலியிடம், மீதி எலெக்டர்கள் நிரப்பிக்கொள்ளலாம், ஓரிகான் சட்டமே அப்படித்தான் என்றது.

டிசம்பர் 6, ஓரிகானின் தலைநகர் சேலம். குரோனின் சான்றிதழைக் கையிலேயே வைத்துக்கொண்டார், தரவில்லை. ஓடெலும் கார்ட்ரைட்டும் வாட்ஸின் எலெக்டர் ராஜினாமாவை ஏற்று, காலியான அதே இடத்தில் அவரையே நியமித்தார்கள். ஹேய்ஸுக்கு 3. குரோனின் தானாக இரண்டு பேரை நியமித்து ஹேய்ஸுக்கு 2, டில்டனுக்கு 1 என்று எழுதி அனுப்பினார். ஒரே மாநிலம், இரண்டு முடிவு.

இதிலுள்ள சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். முடிவு தகராறில் இருந்த புளோரிடாவிலும் லூசியானாவிலும் கவர்னர் சான்றிதழ் ஹேய்ஸ் பக்கம். கவர்னர் கையெழுத்தே இறுதி என்றால் ஓரிகானில் டில்டனுக்கு 185 சேர்ந்துவிடும். கையெழுத்தைத் தாண்டிப் பார்க்கலாம் என்றால் அந்த இரண்டு மாநிலங்களின் கணக்கையும் கிளறியாக வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஹேய்ஸுக்கு இடி.

தகராறு, இதற்காகவே அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த 15 பேர் கொண்ட கமிஷனிடம் போனது. அது மூன்றாவது வழி கண்டுபிடித்தது: ஓரிகானில் ஓட்டைக் கூட்டி முடிவெழுதும் அதிகாரம் மாநிலச் செயலருடையது. அவர் கணக்கில் வாட்ஸ் ஜெயித்தவர். கவர்னர் தாள் அதோடு ஒத்துப்போகவில்லை, ஆகவே செல்லாது. வாட்ஸின் ஓட்டை 8-க்கு 7 என்று ஏற்றது.

[திரையில்: 1877 மார்ச் 2. ஹேய்ஸ் 185, டில்டன் 184]